சட்டைப்பை மலை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான மேல்லயத்தில் ஆண்பிள்ளைகளின் சட்டைப்பைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

சட்டை போகவில்லை, பை மட்டும். காயப்போட்ட சட்டை கொடியிலேயே ஆடிக்கொண்டிருக்கும். நெஞ்சுப் பக்கம் மட்டும் மொட்டை.

காலைப் பெரட்டில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புவதை விட்டுவிட்டு இதே பேச்சு.

"கொரங்குதான், கங்காணி. போன மாசம் என் செருப்பப் போட்டுக்கிட்டு கோயில் வரைக்கும் நடந்துச்சு."

"கொரங்கு கத்தரிக்கோல் புடிக்குமாடா?" என்றார் கங்காணி.

"எந்த நாசமாப் போனவன்னு தெரியட்டும், தோல உரிச்சுருவேன்!" என்று குதித்தான் பையைப் பறிகொடுத்த ரஜீவ்.

"உரிக்கணும், உரிக்கணும்" என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னார் வீரய்யா. தன் சட்டையையும் இழுத்துக் காட்டினார். அதிலும் பை இல்லை.

திருடன் அவரேதான்.

தேயிலை அரைக்கும் ஸ்டோரில் அவருக்கு ராத்திரி வேலை. பகலில் லயம் மலையேறியதும், கொடியும் கத்தரிக்கோலும் அவர் ராஜ்ஜியம்.

எல்லாம் மனைவி நல்லம்மாவுக்காக. மார்பில் புற்றுநோய் வந்து ஒரு பக்கத்தை எடுத்திருந்தார்கள். வைத்தியம் முடிந்து, இனி கொழுந்து எடுக்கப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவள்தான் பெரட்டுக்குப் போக மறுத்தாள். அவள் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்க அக்கம்பக்கத்தார் தயங்கியதைக் கண்ணால் பார்த்தவள் ஆயிற்றே.

அவள் வெளியே போகிற ஒரே இடம், பதுளை டவுனில் ஸித்தி ஸுபைதா நடத்தும் தையல் கூட்டம். அங்கே வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே நோய். ஸுபைதாவுக்கும் வந்து போனதுதான்.

"எடுத்தது மார்பத்தானே, கைய இல்லியே? ஊசியப் புடிங்க புள்ளைகளே!" என்று அவர் அதட்டினால் கூடமே சிரிக்கும்.

அந்த ஸுபைதா ஒருநாள் சொன்னார்: "நம்ம மேல பிரியம் உள்ளவங்க குடுக்கிற துணியில ஆளுக்கொரு படம் தைக்கப் போறோம். மண்டபத்துல மாட்டி ஊருக்கே காட்டுவோம்."

நல்லம்மா தேயிலை மலை தைக்க ஆசைப்பட்டாள். வீரய்யா தன் சட்டைப்பையை வெட்டிக் கொடுத்தார். தலைகீழாக வைத்துத் தைத்தால் அச்சு அசல் தேயிலைச் செடி. ஆனால் ஒற்றைச் செடியில் மலை ஏது?

"எனக்கு வேற யாருங்க குடுப்பா? நான் இனிமே பதுளைக்கும் போகல" என்று ஊசியை எடுத்து வைத்துவிட்டாள்.

 மறுநாளே வீரய்யா ஒரு பையை நீட்டினார்.

"ரஜீவ் குடுத்தான்புள்ள. அக்காவுக்குன்னதும் அவனே வெட்டித் தந்தான்."

நல்லம்மா சிரித்தாள். எத்தனையோ நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. அதற்காக மனுசன் மொத்த லயத்தையும் மொட்டையடித்தார்.

படம் முடிந்ததும் நல்லம்மா கங்காணிக்கு ஆள் அனுப்பினாள், லயத்து ஆட்கள் எல்லோரும் பதுளைக்கு வந்து பார்க்க வேண்டும் என்று.

"வேணாம்புள்ள, அவங்களுக்கு ஆயிரம் வேல கெடக்கும்."

"ஞாயித்துக்கெழம என்னாங்க வேல?"

வீரய்யாவுக்குக் காய்ச்சல் வராத குறை.

ஞாயிறன்று லயமே பஸ்ஸேறி மண்டபத்தில் இறங்கியது. சுவரில் பச்சை, நீலம், கட்டம், கோடு என்று ஒரு மலை நிறையத் தேயிலை.

ரஜீவ் கிட்டே போனான். கண்ணைச் சுருக்கினான்.

"இது என் பை!"

திரும்பி வீரய்யாவைப் பார்த்தான். வீரய்யா கூரையைப் பார்த்தார்.

அதற்குள் நல்லம்மா கைகூப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஒங்க பைதான் தம்பி, மலை உச்சியில வச்சிருக்கேன். ஆபரேசனுக்கப்புறம் லயத்துல யாரும் என்னைய மொகம் குடுத்துப் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். எனக்காக ஆளாளுக்கு வெட்டிக் குடுத்தீங்கன்னு இவரு சொன்னாரு. அதுக்கப்புறந்தான் எனக்கு ஊசியே ஓடுச்சு."

 ரஜீவ் அவள் கூப்பிய கைகளைப் பார்த்தான்.

"ஆமாக்கா... நான்தான் வெட்டிக் குடுத்தேன். இன்னொரு பை இருந்தா அதையும் குடுத்திருப்பேன்."

"நான் புதுச்சட்டையில வெட்டினேனாக்கும்!" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"நான் கலியாணச் சட்டையில!"

கங்காணிக்குப் பொறுக்கவில்லை. பயத்தில் அவர் சட்டையை மட்டும் வீரய்யா தொடவில்லை.

"ஏன்யா, கங்காணின்னா மனுசன் இல்லியா? கத்தரிக்கோல் குடுங்கம்மா!"

"சட்டையக் கழட்டிட்டு வெட்டவா, ஆளோட வெட்டவா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஸுபைதா.

சிரிப்பு அடங்கியதும் நல்லம்மா சொன்னாள்: "நாளைக்குப் பெரட்டுக்கு வாறேன் கங்காணி."

"வா தாயி. காலையில ஒன் கையால தேத்தண்ணி குடிச்சுட்டுத்தான் பெரட்டே."

திரும்பும் பஸ்ஸில்தான் வீரய்யா நிம்மதியாக மூச்சு விட்டார். ஜன்னலோரம் இருந்த நல்லம்மா மெதுவாகச் சொன்னாள்:

"ரஜீவ் தம்பி பையில, தொவைச்சதுல ஊறிப்போன பாதி பீடி இருந்துச்சுங்க."

"என்னாது?"

"மனசாரக் குடுக்கிறவன் பீடியோடயா குடுப்பான்?"

வீரய்யா அவள் பக்கம் திரும்பினார். "தெரிஞ்சுக்கிட்டேவா எல்லாரையும் வரச் சொன்ன?"

"பின்ன? நீங்க திருடினத அவங்க குடுத்ததா மாத்த எனக்கு வேற வழி தெரியலீங்க."