வீசும்போது ஒரு நக்கல்

2025 ஆகஸ்ட் 12, திருச்சி பாலக்கரை. அப்ரார் தன் வீடியோ கேம் யோசனையை பெங்களூர் கம்பெனி மேலாளரிடம் வீடியோ காலில் விளக்கிக்கொண்டிருந்தான்.

"சும்மா வாளை வீசினா பாயிண்ட் கிடையாதுங்க மேடம். ஸ்டைலா வீசணும். கூடவே எதிரியை நக்கலடிச்சா டபுள். சொன்ன நக்கலையே மறுபடி சொன்னா எல்லா பாயிண்டும் போச்சு."

"போட்டுக் காட்டுங்க. இன்னிக்குப் பார்த்தாதான் முடிவு சொல்ல முடியும்."

கேம் திறக்கவில்லை. "தொறக்க மாட்டேங்குதே!" என்று அப்ரார் மறுபடி மறுபடி அழுத்தினான்.

அடுத்த அறையில் அவன் அத்தை மஹ்ஜபீன், அம்மா ஆரிஃபாவிடம் காலில் கேட்கும் அளவுக்குச் சத்தமாக ஆரம்பித்தாள்.

"பிரியாணி அருமை மதினி. கறியை மட்டும் கூப்பிட மறந்துட்டீங்க."

"கூப்பிட்டேன்மா. நீ வர்றேன்னதும் ஓடிடுச்சு."

"ஓடினது எங்கண்ணன். உங்க சமையலுக்குப் பயந்து துபாய் வரைக்கும்."

"அங்கேயும் உன் போன் துரத்துதாமே!"

அப்ரார் தலையில் கை வைத்தான். "ஸாரி மேடம், வீட்ல..."

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இப்பப் புரியுது உங்க கேம். எடுத்துக்கறோம்."

அப்ரார் உள்ளே ஓடினான். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்கு இப்படிச் சண்டை?"

"சண்டையா?" என்றாள் மஹ்ஜபீன். "கேம் தொறக்காம நீ முழிச்சே. அதான் நாங்களே விளையாடிக் காட்டினோம்."

அடுத்த வாரம் ஒப்பந்தம் வந்தது. எதிரிகளுக்குக் குரல் கொடுக்க இருவரையும் அழைத்திருந்தார்கள்.