சிட்டுவின் முதல் வாக்கியம்

சிட்டு முதலில் மாலை வகுப்பு டீச்சரின் படத்தைத் தொட்டாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, 'வேண்டாம்' படத்தையும் தொட்டாள்.

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

நாலரை வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத பெண். ஆட்டிசம் என்று தெரிந்த நாளிலிருந்து அம்மா ஏறி இறங்காத இடமில்லை. அப்படித் தேடிச் சேர்த்ததுதான் சிறப்புக் குழந்தைகளுக்கான அந்த மாலை வகுப்பு. வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் பேச்சுப் பயிற்சியாளர்தான் இந்தப் படப் பலகையைக் கொண்டுவந்தார். தண்ணீர், ஊஞ்சல் என்று இதுவரை ஒற்றைப் படத்தோடு நிறுத்திக்கொள்வாள் சிட்டு. இன்று இரண்டைச் சேர்த்துவிட்டாள்!

அம்மா பாய்ந்துபோய் போனை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

"என்னங்க, நம்ம சிட்டு வாக்கியம் பேசிட்டா! 'டீச்சர் வேண்டாம்'னு..."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவள் காதில் விழுந்தது.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. குழந்தையின் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஏன்டா கண்ணு வேண்டாம்?"

சிட்டு பலகையை மேலும் கீழும் தேடினாள். அவள் சொல்ல நினைத்ததற்கு அதில் படம் இல்லை.

பலகையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். அம்மாவின் தோளிலிருந்து துப்பட்டாவை உருவினாள். நாற்காலியில் போய் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு மணிக்கட்டுகளையும் ஒட்டவைத்து, துப்பட்டாவால் சுற்றிக்கொண்டாள். ஒரு முனையைப் பல்லால் கடித்து இறுக்கினாள்.

அப்புறம் அசையவில்லை. அழவும் இல்லை.

"ஹலோ... ஹலோ..." என்று போனில் அப்பா கத்திக்கொண்டிருந்தார்.

அம்மா போனைக் கீழே போட்டாள். மண்டியிட்டு, துணியைப் பிரித்தாள். பிஞ்சு மணிக்கட்டுகளைத் தன் முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். வகுப்புக்குக் கூட்டிப்போகும் வண்டி வாசலில் ஹாரன் அடித்தது. பயிற்சியாளரே எழுந்துபோய் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தினார்.

சந்தோஷம் வந்தால் சிட்டு இரண்டு கைகளையும் படபடவென்று காற்றில் அடித்துக்கொள்வாள். அந்த வகுப்பில் சேர்த்த சில மாதங்களில் அது அடியோடு நின்றுபோனது.

போன வாரம்தான் அம்மா அதற்கு நன்றி சொல்லி, அந்த டீச்சரின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்திருந்தாள்.