அறுபதடி நடிகர்

தியேட்டர் வாசலில் குடியிருந்த கருப்புப் பூனை ஒரு படத்தைக்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆனாலும் எந்தப் படம் தேறும், எது தேறாது என்று அது சொல்லிவிட்டால் அந்தத் தெருவில் மறுபேச்சு கிடையாது. முதல் நாள் முதல் காட்சிக்கு ரசிகர்கள் கட்அவுட்டின் தலையில் பால் ஊற்றுவார்கள். காலடிவரை வழிந்து வருவதை நக்கிப் பார்த்துத்தான் அது தீர்ப்புச் சொல்லும்.

"சுடர்வேலன் படம் எப்படிக்கா?" என்று கட்அவுட்டின் தோளில் உட்கார்ந்திருந்த காக்கை கேட்டது.

"முதல் பாதி நல்ல கெட்டி. அப்புறம்தான் தண்ணி கலந்துட்டாங்க. ஆனா மனுஷன் தங்கம்டா! அறுபதடி உசரத்துல நின்னுக்கிட்டு ஊருக்கே பால் கொடுக்கிறாரே, வேற யாருக்கு வரும் அந்த மனசு?"

"நாளைக்கு அவரே நேர்ல வர்றாராம்க்கா!"

அன்று முழுக்கப் பூனை எதையும் தொடவில்லை. டீக்கடைக்காரர் போட்ட பன்னைக்கூடத் திரும்பிப் பார்க்காமல் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தது.

மறுநாள் சுடர்வேலன் காரிலிருந்து இறங்கினார். கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து போய், பூனை அவர் செருப்பை ஆசையாய் நக்கியது. மறுபடியும் நக்கியது. வெறும் புழுதிதான் நாக்கில் ஒட்டியது. அண்ணாந்து பார்த்தால் ஆள் ஆறடிகூட இல்லை.

"என்னக்கா, அவர்தானே?" என்று மேலிருந்து காக்கை கத்தியது.

பூனை திரும்பி வந்து கட்அவுட்டின் காலடியில் சுருண்டு படுத்தது.

"டூப்பை அனுப்பி ஏமாத்திட்டாங்கடா!"