பொத்தானின் தாடை

முன்னொரு காலம் வேண்டாம், போன வாரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாடிக் கட்டடத்தின் கீழ்க்கடையில் ஒரு டெய்லர் இருந்தார். அவர் மெஷினுக்கு அடியில் ஒரு நாய் இருந்தது. பானை மூஞ்சி, அகலத் தாடை. பெயர் மட்டும் பொத்தான்.

கட்டடத்து ஓனர் விறுவிறுவென்று உள்ளே வந்து, கிழிந்த பேண்ட்டை மேஜைமேல் வீசினார்.

"யோவ் டெய்லர்! காலையில மாடிப்படியில விழுந்த சாவியை எடுக்கக் குனிஞ்சேன். டர்ருன்னு சத்தம். திரும்பினா உன் நாய் நிக்குது! தச்சுக் குடு. சாயங்காலத்துக்குள்ள நாய் போகணும். இல்ல, நீ கடையைக் காலி பண்ணணும்."

வாசலில் குடித்தனக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஓனர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"இந்த வகை நாய்க்குத் தாடையில பூட்டு இருக்கு. கவ்வினா திறக்காது. முதலையை விடப் பலமாம். போன்ல படிச்சேன்."

கோட்டு வாங்க வந்திருந்த மிருக டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"பூட்டும் இல்ல, சாவியும் இல்ல சார். எல்லா நாய்க்கும் இருக்கிற அதே எலும்பு, அதே தசைதான். விடமாட்டேங்கிறது வெறும் பிடிவாதம். முதலைக்குப் பக்கத்துலகூட இது வராது. ஆமா, அவ்வளவு பலமா கடிச்சுதே, காயம் எங்க?"

"காயமா... அது காட்டுற இடத்துலயா இருக்கு?"

வாசலில் ஒரே சிரிப்பு. ஓனருக்கு முகம் சுண்டிவிட்டது.

டெய்லர் பேண்ட்டை விளக்கடியில் விரித்தார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே தைத்தது. துணியில் ஒரு பல் தடம் இல்லை. பின்பக்கத் தையல் மட்டும், கோடு போட்ட மாதிரி, மேலிருந்து கீழ்வரை விட்டிருந்தது.

"என்னய்யா உத்து உத்துப் பாக்கிற? கடிச்சுதா, இல்லையா?"

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. டெய்லர் பொத்தானைப் பார்த்தார். வியர்த்து நின்ற ஓனரைப் பார்த்தார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

"கடிச்சுதான் இருக்கு சார். மன்னிச்சுக்குங்க."

டாக்டரம்மாவின் புருவம் ஏறியது. இனி வேடிக்கை இல்லை என்று கூட்டம் கலைந்தது. அவரும் கோட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மெஷின் கடகடத்து ஓய்ந்தது. டெய்லர் பேண்ட்டை இஸ்திரி போட்டு, மடித்து நீட்டினார். குரலைத் தாழ்த்தினார்.

"உள்ள மடிச்சு வச்ச துணியைப் பிரிச்சு, பின்பக்கத்தை ரெண்டு விரல் லூசாக்கித் தச்சிருக்கேன் சார். இனிமே நாய் கடிக்காது."

ஓனர் பின்பக்கத் தையலைத் தடவிப் பார்த்தார். அப்புறம் வயிற்றை எக்கிக்கொண்டு, "நாய் இங்கயே கிடக்கட்டும்யா" என்று முணுமுணுத்துவிட்டு, பேண்ட்டை அக்குளில் இடுக்கியபடி மாடியேறிப் போனார்.