குழாய் கேட்ட காரணம்

புதுச்சேரி வீட்டில் பீர் காய்ச்சிய சவேரிநாதன், கொதித்த பார்லிச் சாற்றுக்குள் உள்ளே தண்ணீர் ஓடிச் சூட்டைத் தணிக்கும் செம்புச் சுருளை இறக்கி, அதன் முனையைக் குழாயில் மாட்டித் திறந்தான். சீக்கிரம் ஆறாவிட்டால் பீர் கெட்டுவிடும்.

“தண்ணீர் எதற்கு?” என்றது, காரணம் கேட்டே தண்ணீர் விடும் அரசுக் குழாய்.

“ஆறவைக்க.”

“அந்தக் காரணத்துக்கு அனுமதியில்லை.”

“அட சனியனே, பீருக்கு!”

“அனுமதியில்லை.”

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினான். மனைவி பிலோமினா வந்து, “சமையலுக்கு” என்றதும் தண்ணீர் கொட்டியது. சுருள் வழியே வெதுவெதுப்பாக வெளிவந்ததை வாளிகளில் பிடித்துக் குளியலறைக்குத் தூக்கிப்போனாள். குளிப்பதற்குக் குழாய் தண்ணீர் விடுவதை நிறுத்தி ஏழு மாதமாகியிருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தபோது பீர் புளித்து நாறியது. அவன் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

“அதுக்கென்னங்க, நாளைக்கே மறுபடி காய்ச்சுங்க” என்றாள் பிலோமினா.

அவள் பீரை வாயில் வைத்ததே இல்லை.