அஞ்சு முதல் எட்டு

ஜூன் 11. வேலை கேட்டு வந்தவரை இன்று திருப்பி அனுப்பப் பார்த்தேன். என் தவறு.

நாமக்கல் பைபாஸில் லாரி தார்ப்பாய்க் கடை வைத்திருக்கும் பிரபா டைரியில் இப்படி எழுதினாள்.

மாலையில் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால், அவள் மாலை நேர டேலி கணக்கு வகுப்பை விட்டுவிட வேண்டும். 'ஆள் தேவை, 5 முதல் 8' என்று கடை வாசலில் போர்டு வைத்திருந்தாள். அன்று காலை ஒன்பதுக்குக் கடை திறக்க வந்தால், வாசலில் பூ விற்கும் சாலம்மாள்.

"போர்டு பாத்து வந்தனுங்க அம்மணி."

"சாயங்காலம்தாங்க்கா ஆள் வேணும்."

"எனக்குச் சாயங்காலம் பூ யாவாரமுங்க."

"அப்ப ஒத்துவராதுங்க்கா."

"சரிங்க. இதைய மட்டும் வாங்கிக்கங்க."

சாலம்மாள் நீட்டிய காலண்டர் தாளில் ஏழு லாரிகளின் எண்கள். ஒவ்வொன்றுக்கும் நேராகத் தார்ப்பாயின் அளவு, டிரைவரின் போன் நம்பர்.

"என்னங்க்கா இது?"

"அஞ்சு முதல் எட்டுன்னுதானுங்களே போர்டுல இருந்துச்சு? விடியக்காலைன்னு வந்துட்டனுங்க. வண்டிய எடுக்கறப்பத்தான் டிரைவருங்க கிழிசலைப் பாக்கறாங்க. கடை எப்பத் தொறக்குமுன்னு கேட்டவங்களையெல்லாம் எழுதி வெச்சனுங்க."

ஒரு வாரத்து மாலைகளில்கூடப் பிரபாவின் கடைக்கு ஏழு பேர் வந்ததில்லை.

"அக்கா, சாயங்காலம் கடையைப் பூட்டிட்டு நான் கிளாஸுக்குப் போயிக்கறேன். காலையில நீங்க வந்துருங்க."

டைரியில் கடைசியாக எழுதினாள்: நாளை, சாலம்மாள் அக்காவுக்கு இன்னொரு சாவி செய்ய வேண்டும்.