கோவில் தூசி

"கோவில் சாவி தர முடியாதும்மா. அது இப்ப அரசாங்கக் கட்டடம்" என்றார் மேயர் ரிவாலன், காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

பெரின் மேஜைக்கு எதிரே நின்றாள். மழையில் நனைந்த மரச்செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"உள்ளே பூசை வைக்கக் கேக்கலீங்க. ஒரு தடவை பெருக்கிட்டு வந்துடறேன்."

"எதுக்குப் பெருக்கணும்?"

தெரியாதவர் போலக் கேட்டார். அந்தக் கரையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கடலுக்குப் போன கப்பல் வரத் தாமதமானால், வீட்டுப் பெண்கள் கடல்முனையில் இருக்கும் கிறிஸ்தவக் கோவிலைப் பெருக்குவார்கள். தூசியை அள்ளி, வெளியே நிற்கும் நெட்டைக்கல்லுக்குப் பக்கத்தில் போய்க் கடலைப் பார்த்து வீசுவார்கள். காற்று திரும்பும். ஆள் வீடு வருவான்.

ஐஸ்லாந்துப் பக்கம் மீன் பிடிக்கப் போன கப்பல்களெல்லாம் செப்டம்பரிலேயே வந்துவிட்டன. அவள் மகன் அலான் போன கப்பல் மட்டும் இன்னும் வரவில்லை. கல்லறைத் திருநாளும் போய்விட்டது. அன்றைக்கு அலானுக்கும் சேர்த்து மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னவர்களோடு அவள் இன்னும் பேசுவதில்லை.

"துடைப்பத்துக்குப் பயந்து காத்து திரும்புமாக்கும்!" என்று குமாஸ்தா சிரித்தான்.

"என் வீட்டைப் பெருக்கிப் பெருக்கி வீசிப் பார்த்துட்டேன் தம்பி. திரும்பல. கோவில் தூசிதான் வேணும்."

மேயர் பேனாவை மசியில் தோய்த்தார். "இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு. சாமி வேற, சர்க்கார் வேறன்னு சட்டமே வந்தாச்சு. போய் வேலையைப் பாருங்க."

நேராகப் பங்குச் சாமியாரிடம் போனாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா மேயர் சாவியைத் தருவாரு சாமி."

"அந்த ஆள்கிட்ட நான் போய் நிக்கணுமா? ராஜா காலத்துல எங்களைக் கேக்காம இந்த ஊர்ல ஒரு கதவு திறக்காது. இப்ப என் கோவிலுக்கே பூட்டுப் போட்டுட்டான்!" சாமியார் முகம் சிவந்துவிட்டது. "அதோட, நீ கேக்கறது நம்ம வேதமே இல்ல. கல்லைக் கும்பிட்டவங்க வழக்கம். நம்ம புனிதர் இந்தக் கரைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருந்தது."

"அந்தக் கல்லு உச்சியில சிலுவை நட்டது நம்மாளுங்கதானே சாமி?"

சாமியார் இருமினார். "ஜெபமாலை சொல்லு, போ."

"தினம் மூணு தடவை சொல்றேன். அதுக்கு விரல் போதும் சாமி. மத்த உடம்பை என்ன செய்யறது?"

சாமியார் கதவைச் சாத்திக்கொண்டார்.

வழியில் மரிவோன் எதிர்ப்பட்டாள். அவள் புருஷனும் அதே கப்பலில்தான் போயிருக்கிறான்.

"என்னக்கா, கிடைச்சுதா?"

"எங்க!"

"மேயரும் சாமியாரும் ஒருத்தரை ஒருத்தர் கண்டா தெருவுக்கு அந்தப் பக்கம் போறவங்க. நமக்குக் கதவைச் சாத்தறதுல மட்டும் எப்படி ஒத்துமை பாரு!"

இரவெல்லாம் பெரின் கட்டிலில் புரண்டாள். அலானின் கம்பளிச் சட்டையை மடித்து வைத்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அந்தக் கப்பலில் ஊரிலிருந்து போனவர்கள் ஏழு பேர். நாளைக்கு யார் வந்து தடுத்தாலும் சரி என்று முடிவு செய்துகொண்டாள்.

விடிந்ததும் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு முனைக்கு நடந்தாள்.

பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை. கதவு ஒருக்களித்துக் கிடந்தது. உள்ளே யாரோ பெருக்கும் சத்தம்.

எட்டிப் பார்த்தாள்.

மேயர் ரிவாலன். மேல்கோட்டைக் கழற்றி பீடத்தின் ஓரம் வைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டு, கல் இடுக்கில் இருந்த தூசியைக் கையால் வழித்துக்கொண்டிருந்தார். தலையெல்லாம் ஒட்டடை.

பெரினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"எனக்கு இல்லாத சாவி உங்களுக்கு மட்டுமா? உங்க சொந்தக்காரன் யாரு அந்தக் கப்பல்ல?"

மேயர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். கடப்பாரையைப் பார்த்தார்.

"யாருமில்லம்மா" என்றார் மெதுவாக. "சின்ன வயசுல நானும் அந்தக் கடலுக்குப் போனவன்தான். எங்கம்மா இங்கதான் பெருக்குவாங்க."

"அப்ப ஏன் எங்களைத் தடுத்தீங்க?"

"உங்க கையில சாவி கொடுத்தது மேலிடத்துக்குத் தெரிஞ்சா என் பதவி போயிடும். அதான் நானே வந்துடறேன், மூணு வாரமா. தினம் பெருக்கித் தூசியே தீர்ந்துபோச்சு. நேத்து உங்களை உள்ளே விட்டிருந்தா யாரோ ஏற்கெனவே பெருக்கறாங்கன்னு உடனே கண்டுபிடிச்சிருப்பீங்க. இன்னிக்கு உத்தரத்து மேல ஏறித் தட்டி எடுத்தேன்."

அப்போதுதான் தரையைக் கவனித்தாள். சுவரோரம் கைப்பிடி கைப்பிடியாகச் சின்னச் சின்னக் குவியல்கள். எண்ணினாள். ஆறு இருந்தது. ஏழாவது இருந்த இடத்தில் வழித்த தடம் மட்டும்.

"ஆளுக்கொரு பிடி. மொதல்ல மரிவோன் வீட்டுக்காரரோடது வீசப் போயிடுச்சு" என்றார் மேயர்.

பெரின் கடப்பாரையைக் கீழே வைத்தாள். "என் அலானோடது?"

கடைசியில் இருந்ததைக் காட்டினார். மற்றதைவிடக் கொஞ்சம் பெரியது.

"உயரமான பையனாச்சே. கூடக் கொஞ்சம் வச்சேன். நீங்களே வீசுங்கம்மா. பெத்தவ கை."

குனிந்து இரண்டு கையாலும் அள்ளி ஏப்ரனில் கட்டிக்கொண்டாள். ஒரு துளி சிந்திவிடக் கூடாதே என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே நெட்டைக்கல் பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.

"யோவ் ரிவாலன்! உள்ளே தூங்கிட்டியா? அடுத்ததைக் கொண்டாய்யா, காத்து மாறிடப் போகுது!"

ஞாயிறுதோறும் பிரசங்கத்தில் அவள் கேட்கிற குரல் அது.